மகனின் ரீட்பவுல் நிமிடத் தாளும் மால்கம் மிட்செல் கதையும்

உங்கள் கேள்வியை முதலில் ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன். அட்லாண்டாவில் இரண்டாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகனின் வகுப்பு ‘ரீட்பவுல்’ என்ற வாசிப்புப் போட்டியில் சேர்ந்திருக்கிறது. தினம் எத்தனை நிமிடம் வாசித்தான் என்று எழுதும் தாள் வீட்டுக்கு வந்திருக்கிறது. நடத்துபவர் மால்கம் மிட்செல் என்ற முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர். கல்லூரிக்கு வந்தபோது ஏழாம் எட்டாம் வகுப்பு அளவுக்குத்தான் அவரால் வாசிக்க முடிந்தது என்று படித்ததும் உங்களுக்கு மூன்று சந்தேகங்கள்: அப்படிப்பட்டவர் பல்கலைக்கழகம் வரை எப்படிப் போனார், சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியை ஜெயித்தவர் ஏன் அவ்வளவு சீக்கிரம் ஆட்டத்தை விட்டார், அவர் நடத்தும் போட்டியால் பிள்ளைகளுக்கு வாசிக்க வருமா. கடைசிக் கேள்விதான் உங்கள் மனதில் இருப்பது என்று நினைக்கிறேன். தாளை நிரப்புவதால் மட்டும் வாசிப்பு வந்துவிடாது. ஆனால் அந்தத் தாளை வைத்து வீட்டில் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பயிற்சி தருவது என் தொழில், அந்த ஆட்டத்தையும் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன் என்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

மிட்செல் வளர்ந்தது ஜார்ஜியா மாநிலத்தின் தெற்கு எல்லையை ஒட்டிய வால்டோஸ்டாவில். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக் கால்பந்தில் மிக அதிக வெற்றிகளைக் குவித்த பள்ளிகளில் ஒன்று வால்டோஸ்டா பள்ளி. அப்படி ஓர் ஊரில் பந்து பிடிக்கத் தெரிந்த பையனை எல்லோருக்கும் தெரியும், அவன் புத்தகத்தை எப்படிப் பிடிக்கிறான் என்று யாரும் பார்ப்பதில்லை. 2011ல் ஏதென்ஸ் நகரில் உள்ள ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இங்கே ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அவர் எழுத்தறியாதவர் இல்லை. வாஷிங்டன் அணியில் ஆடிய டெக்ஸ்டர் மான்லி 1989ல் செனட் குழு முன்பு, நான்கு வருடம் கல்லூரியில் இருந்தும் தனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்லி அழுதாரே, அது வேறு நிலை. மிட்செலால் எழுத்துகளைக் கூட்டி வாசிக்க முடிந்தது. ஆனால் மெதுவாக, சிரமப்பட்டு. சிரமமாக இருப்பதை யாரும் விரும்பிச் செய்வதில்லை, செய்யாததால் சிரமம் குறைவதும் இல்லை. பன்னிரண்டு வயதுக்குரிய வாசிப்போடு பதினெட்டு வயதில் கல்லூரிப் பாடப்புத்தகத்தைத் திறந்தால் ஒரு பக்கத்தைக் கடப்பதே மலையேறுவது போலிருக்கும்.

பிறகு எப்படிச் சேர்ந்தார்? கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு அந்தக் காலத்தில் பார்த்தது பள்ளியின் முக்கியப் பாடங்களில் சராசரி மதிப்பெண்ணையும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும். சேர்ந்த பிறகு பார்ப்பது பட்டத்துக்கான பாடங்களில் எத்தனை முடிந்திருக்கிறது என்பதை. இரண்டாம் ஆண்டு முடிவில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டு முடிவில் 60, நான்காம் ஆண்டு முடிவில் 80 என்று ஒரு கணக்கு இருக்கிறது. இந்த அளவுகோல்கள் எதுவும் வாசிப்பை நேராக அளப்பதில்லை. டியூட்டர் இருப்பார், கட்டாயப் படிப்பு நேரம் இருக்கும், வகுப்பில் கேட்டதை நினைவில் வைத்து எழுதித் தேறலாம். நல்ல நினைவாற்றலும் நல்ல காதும் உள்ள பையன் இப்படிப் பல வருடம் ஓட்டிவிடுவான். இரண்டாம் வகுப்பிலும் இதே கதை நடக்கும். உங்கள் மகனைக் கவனிக்க வேண்டிய இடமும் அதுதான், பின்னால் வருகிறேன்.

2013 ஆகஸ்டு கடைசி நாளில் கிளெம்சனுக்கு எதிரான முதல் ஆட்டத்தில், சக வீரர் டாட் கர்லி 75 யார்டு ஓடி டச் டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடப்பது) போட்டதைக் கொண்டாடத் துள்ளியபோது மிட்செலின் முழங்காலில் உள்ள ஏசிஎல் தசைநார் கிழிந்தது. அந்த சீசனே போனது. அந்த வருடமே ஏதென்ஸில் ஒரு புத்தகக் கடையில் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவரிடம் எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று பேசப்போய், அவர் இருந்த வாசகர் வட்டத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். நாற்பது, ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள் மட்டுமே இருந்த வட்டம் அது. பிறகு சிபிஎஸ் தொலைக்காட்சியில் இது செய்தியானபோது அவர் சொன்னதன் சாரம் இது: ஆட்டம் தனக்கு இயல்பாக வந்தது, வாசிப்புக்கு உழைக்க வேண்டியிருந்தது, அதனால் இதைத்தான் பெரிய சாதனையாக நினைக்கிறார்.

எல்லோரும் உருகும் இந்த வாசகர் வட்டக் காட்சியில் எனக்கு முக்கியமாகப் படுவது அதன் அமைப்பு. மாதம் ஒரு புத்தகம் என்றால் கெடு இருக்கிறது. கூட்டத்தில் பேச வேண்டும் என்றால் கதை புரிந்திருக்க வேண்டும். தவறாகப் புரிந்துகொண்டால் பக்கத்தில் இருப்பவர் கோபப்படாமல் திருத்துவார். அளவு, நோக்கம், திருத்தம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. நிமிடத் தாளில் முதலாவது மட்டும்தான் இருக்கிறது.

2015ல், கல்லூரியில் இருக்கும்போதே, ‘தி மேஜிஷியன்ஸ் ஹாட்’ என்ற சிறுவர் புத்தகத்தைச் சொந்தமாக வெளியிட்டார். நூலகத்துக்கு வரும் ஒரு மந்திரவாதியின் தொப்பிக்குள் கைவிடும் பிள்ளைகளுக்குப் புத்தகங்கள் கிடைக்கும் கதை. ஸ்காலஸ்டிக் நிறுவனம் 2018ல் அதை மறுபடி வெளியிட்டது. தொழில்முறை அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2016 ட்ராஃப்டில் நான்காம் சுற்றில், 112வது ஆளாக, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி அவரை எடுத்தது. அவர் ஆடிய இடம் ரிசீவர். ரிசீவர் என்றால் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவர் என்று மட்டும் நினைத்திருப்பீர்கள். அவருடைய வேலையில் பாதி கண்ணால் வாசிப்பது.

ஓட வேண்டிய பாதைகளை ரூட் என்பார்கள். பல அணிகளில் அவற்றுக்கு எண் உண்டு. ரூட் மரம் என்று சொல்லும் வழக்கமான வரைபடத்தில் 2 என்றால் ஸ்லான்ட், இரண்டு மூன்று அடி நேராக வைத்து உள்பக்கம் சாய்ந்து வெட்டுவது. 8 என்றால் போஸ்ட், ஆழமாகப் போய் கோல் கம்பத்தை நோக்கித் திரும்புவது. 9 என்றால் நேராக ஓடுவது. பேட்ரியட்ஸின் முறை வேறு. ஒரு சொல் ஒரு முழுத் திட்டத்தைக் குறிக்கும். பல ரூட்டுகளில் கடைசித் திருப்பம் முன்கூட்டி முடிவு செய்யப்பட்டிருக்காது. பந்து ஆட்டத்துக்குள் வந்ததும் ரிசீவர் ஓடிக்கொண்டே எதிரணியின் பின்வரிசையைப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு சேஃப்டி, அதாவது கடைசித் தடுப்பாளர், ஆழத்தில் நின்றால் ஒரு திருப்பம், இருவர் பிரிந்து நின்று நடு திறந்திருந்தால் வேறு திருப்பம். இதே காட்சியைப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கும் பார்த்து, ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்தை விட்டுவிடுவார். இருவரும் இரண்டு விதமாக வாசித்தால் பந்து ஆளில்லாத இடத்தில் போய் விழும், அல்லது எதிரணி கையில். சின்சினாட்டி அணியில் ஜொலித்த சாட் ஜான்சன் 2011ல் அதே அணிக்கு வந்து 15 பந்துதான் பிடித்தார். மிட்செல் புதுமுகமாக, ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்பே முழங்கை நழுவியும், 2016 சீசனில் 32 பந்து, 401 யார்டு, 4 டச் டவுன்.

புத்தகம் வாசித்ததால்தான் அணியின் திட்டங்கள் அடங்கிய பிளேபுக் பிடிபட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படிச் சொல்ல எனக்குத் துணிவு வராது. காட்சியை வாசிப்பதும் எழுத்தை வாசிப்பதும் மூளைக்கு ஒன்றல்ல. கற்றுக்கொள்ளும் விதத்தில் மட்டும் ஒற்றுமை இருக்கிறது. 12 யார்டு போய்த் திரும்ப வேண்டிய ரூட்டை ஒருவர் தனியாக நூறு முறை 10 யார்டில் திரும்பிப் பழகினால், அந்தத் தவறு நூறு முறை உறுதிப்படும். ஓரத்தில் நின்று இன்னும் இரண்டு யார்டு என்று சொல்ல ஆள் வேண்டும். எழுத்திலும் அப்படித்தான்.

2017 பிப்ரவரி 5, ஹூஸ்டன். உங்கள் ஊர் அணியான ஃபால்கன்ஸ் 28-3 என்று முன்னிலையில் இருந்த அந்த சூப்பர் பவுலைப் பற்றி அலுவலகத்தில் கேட்டிருப்பீர்கள், அட்லாண்டாவில் இன்னும் ஆறாத எண் அது. பேட்ரியட்ஸ் கூடுதல் நேரத்தில் 34-28 என்று ஜெயித்தது. மிட்செல் 6 பந்து பிடித்து 70 யார்டு சேர்த்தார், பெரும்பாலும் கடைசிக் கால் பகுதியில், அணி துரத்திக்கொண்டிருந்தபோது. அதன் பிறகு முறையான ஆட்டம் எதிலும் அவர் இறங்கவில்லை. முழங்கால் விடவில்லை. 2017 முழுவதும் காயப் பட்டியலில் இருந்தார், 2018 ஆகஸ்டில் அணி விடுவித்தது, 2019 மார்ச்சில் ஓய்வை அறிவித்தார். அந்தத் தொழில்முறைக் கால்பந்து லீகில் நான்கு வருட ஒப்பந்தம் என்பது நான்கு வருடச் சம்பளத்துக்கு உத்தரவாதம் இல்லை. நடு, கடைசிச் சுற்று வீரர்களுக்கு கையெழுத்துப் பணம்தான் உறுதியானது, மீதி அணியில் நீடித்தால் மட்டும். திரும்பி வெட்டுவதையே தொழிலாக வைத்திருக்கும் ரிசீவருக்கு முழங்கால் போனால் தொழில் போயிற்று. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதற்கு மேல் மர்மம் எதுவும் இல்லை.

வாசிப்புப் பணியை அவர் ஓய்வுக்குப் பிறகு தொடங்கவில்லை. ‘ஷேர் தி மேஜிக்’ அறக்கட்டளை ஆடும் காலத்திலேயே தொடங்கியது. பள்ளிகளுக்குப் போய்க் கூட்டம் நடத்துவது, புத்தகங்கள் கொடுப்பது, சூப்பர் பவுலை ஒட்டிய வாரங்களில் வகுப்புகளை அணிகளாக்கி வாசிப்பு நிமிடங்களைப் போட்டியாக்குவது, இவைதான் அவர்கள் செய்வது. 2020ல் வந்த அவருடைய இரண்டாவது புத்தகத்தில் வரும் ஹென்லி என்ற பையனுக்கு வாசிப்பே பிடிக்காது, நாளைக்கு உனக்கு மிகவும் பிடித்த புத்தகத்தைக் கொண்டுவா என்று வகுப்பில் சொன்னதும் திண்டாடுகிறான். வாசிக்கத் திணறும் பிள்ளை அனுபவிக்கும் வெட்கத்தை உள்ளிருந்து தெரிந்தவரால்தான் அந்தக் கதையை எழுத முடியும். அந்த வெட்கத்தைக் குறைப்பதில் அவரை மிஞ்ச என்னைப் போன்ற பயிற்சியாளர்களால் முடியாது. சூப்பர் பவுலில் பந்து பிடித்தவரே எனக்கும் கஷ்டமாக இருந்தது என்று சொல்லும்போது பின்வரிசையில் இருக்கும் பையன் நிமிர்ந்து உட்காருவான்.

ஆனால் ஆர்வம் வேறு, திறன் வேறு. ஆய்வுகள் எங்கே உறுதியாக நிற்கின்றன, எங்கே தயங்குகின்றன என்று பார்ப்போம். அமெரிக்க தேசிய வாசிப்புக் குழு 2000ல் தந்த அறிக்கை ஐந்து தூண்களைச் சொன்னது: சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துக் கேட்பது, எழுத்தையும் ஒலியையும் இணைப்பது, தடையில்லாத சரளம், சொல்வளம், பொருள் புரிதல். எழுத்து-ஒலி இணைப்பை வரிசையாக, நேராகச் சொல்லித் தருவது பயன் தரும் என்பது உறுதி. பிள்ளை சத்தமாக வாசிக்க, பெரியவர் திருத்த, அதே பகுதியைத் திரும்ப வாசிப்பது சரளத்தைக் கூட்டும் என்பதும் உறுதி. திருத்தமில்லாமல் தனியே மௌனமாக வாசிப்பதால் சரளம் கூடுகிறது என்பதற்குத்தான் போதுமான சான்று இல்லை என்றது அந்த அறிக்கை. பயனில்லை என்று அது சொல்லவில்லை. நிறைய வாசிக்கும் பிள்ளைகள் நன்றாக வாசிக்கிறார்கள் என்பது தெரிந்ததே, எது காரணம் எது விளைவு என்பதில்தான் விவாதம். நிமிடத் தாள் இந்த விவாதத்துக்குரிய பகுதியில் விழுகிறது. வாசிப்பு ஓரளவு வந்துவிட்ட பிள்ளைக்கு அது நன்றாக வேலை செய்யும். இன்னும் கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளை இருபது நிமிடமும் படம் பார்த்துப் பக்கம் புரட்டுவான், தாளில் இருபது என்று ஏறும்.

அதனால் முதலில் உங்கள் மகன் எந்தப் பக்கம் இருக்கிறான் என்று பாருங்கள். அவன் இதுவரை பார்க்காத, அவன் வகுப்புக்குரிய புத்தகம் ஒன்றை எடுங்கள். பழைய புத்தகம் கூடாது, மனப்பாடமாகியிருக்கும். போனில் ஒரு நிமிடம் வைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தவறாக வாசித்த சொல், விட்டுவிட்ட சொல், மூன்று விநாடி நின்று நீங்கள் எடுத்துக் கொடுத்த சொல் ஆகியவற்றைக் கழித்து, சரியாக வாசித்தவற்றை எண்ணுங்கள். அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாகப் பயன்படும் 2017ம் ஆண்டு அட்டவணைப்படி இரண்டாம் வகுப்பின் நடுநிலை அளவு, ஆண்டுத் தொடக்கத்தில் நிமிடத்துக்கு 50 சொல், குளிர்காலத்தில் 84, ஆண்டு முடிவில் 100. பத்துச் சொல் கூடக் குறைய இருப்பது சாதாரணம். மூன்று வெவ்வேறு பகுதிகளில் பார்த்து நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாக வாசி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், சொல்லை விழுங்கப் பழகிவிடுவான்.

எண் குறைவாக வந்தால் அடைப்பு எங்கே என்று பார்க்க வேண்டும். அதே அளவுக் கதையை நீங்கள் வாசித்துக் காட்டி, என்ன நடந்தது என்று கேளுங்கள். தமிழில் பதில் சொன்னாலும் போதும், நமக்கு வேண்டியது புரிந்ததா என்பதுதான். காதால் கேட்டால் புரிகிறது, தானே வாசித்தால் புரியவில்லை என்றால் கோளாறு எழுத்தைக் கூட்டுவதில். சரளமாக வாசித்துவிட்டுக் கதை சொல்லத் தெரியவில்லை என்றால் ஆங்கிலச் சொல்வளத்தில். நல்ல காதும் நினைவும் உள்ள பிள்ளைகள் ஏமாற்றுவது இங்கேதான். படத்தையோ முதல் எழுத்தையோ பார்த்து ‘போனி’ என்ற இடத்தில் ‘ஹார்ஸ்’ என்றோ, ‘ஹவுஸ்’ என்ற இடத்தில் ‘ஹோம்’ என்றோ சொல்லுவான். பொருள் ஒத்துப்போவதால் நாமும் தலையாட்டிவிடுவோம். அப்படிச் சொன்னால் படத்தைக் கையால் மறைத்து, சொல்லின் அடியில் விரல் வைத்து, இடமிருந்து வலமாக ஒலிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு உண்டு. தமிழில் எழுத்தைச் சொன்னால் ஏறக்குறைய ஒலியும் வந்துவிடும், அதே பழக்கத்தில் ஆங்கிலத்துக்கும் எஸ்-எச்-ஐ-பி என்று எழுத்தின் பெயர்களை ஒப்பிக்க வைக்கிறோம். அந்த நான்கு பெயர்களை எத்தனை வேகமாகச் சொன்னாலும் ‘ஷிப்’ வராது. எஸ்-எச் இரண்டும் சேர்ந்து ‘ஷ்’, பிறகு ‘இ’, பிறகு ‘ப்’ என்று மூன்று ஒலியாகச் சொல்லிச் சேர்த்தால்தான் வரும். அதேபோல் ‘கிட்’ என்ற சொல்லின் கடைசியில் ஓர் ஈ எழுத்தை ஒட்டினால் ‘கைட்’ ஆகிறது, அந்த ஈ தான் பேசாமல் முன்னால் இருக்கும் உயிரை மாற்றுகிறது. ஒரு வாரத்துக்கு இப்படி ஒரே ஒரு விதியை எடுத்துக்கொண்டு, பத்துச் சொல் எழுதி, தினம் ஐந்து நிமிடம் போதும்.

இருபது நிமிடத் தாளை இப்படி நிரப்பலாம். முதல் ஐந்து நிமிடம் அந்த விதிச் சொற்கள். அடுத்த எட்டு நிமிடம், ஏறத்தாழ நூறு சொல் உள்ள ஒரு பகுதியை மூன்று முறை சத்தமாக. முதல் முறை நீங்கள் திருத்துங்கள். இரண்டாம் முறை அவனே நிதானமாக வாசிக்கட்டும், மூன்றாம் முறை கதை சொல்வது போல. நூறு சொல்லில் ஐந்துக்கு மேல் தவறினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம், ஒரு படி எளிதானது எடுங்கள். மீதி ஏழு நிமிடம் அவன் விரும்பும் எதுவும், டைனோசரோ ஜோக்குப் புத்தகமோ, நீங்கள் வாசிக்க அவன் கேட்டாலும் சரி. கடைசி ஏழு நிமிடத்தைக் களைப்பில் வெட்டிவிடாதீர்கள். புத்தகத்தோடு அவனுக்குள்ள உறவு அந்த ஏழு நிமிடத்தில்தான் வளரும், மிட்செலின் முயற்சியும் அதற்குத்தான். தவறைத் திருத்தும்போது சொல்லை உடனே கொடுத்துவிடாமல் மூன்று விநாடி பொறுங்கள். ஒவ்வொரு தவறுக்கும் பெருமூச்சு விட்டால் அடுத்த வாரம் தாளை ஒளித்து வைப்பான்.

ஆறு வாரம் இப்படிச் செய்தும் அந்த ஒரு நிமிட எண் நகரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். கண், காது இரண்டையும் முதலில் பரிசோதித்துவிடுங்கள். ஜார்ஜியாவில் 2023ல் வந்த ஆரம்பகால எழுத்தறிவுச் சட்டப்படி மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளுக்கு ஆண்டில் பலமுறை வாசிப்புச் சோதனை உண்டு. ஆசிரியையிடம் அதன் முடிவைக் கேளுங்கள், மொத்த மதிப்பெண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல் எந்தப் பகுதியில் குறைவு என்றும் கேளுங்கள். வீட்டில் தமிழ் பேசுவதால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துப் பாருங்கள் என்று சொல்லக்கூடும். சொல்வளம் மெதுவாக வருவதற்கு அது காரணமாக இருக்கலாம், ‘ஷிப்’ என்று கூட்டி வாசிக்க முடியாததற்கு அது காரணம் ஆகாது. அந்த நிலையில் முறையான மதிப்பீடு வேண்டும் என்று தேதியிட்டு எழுத்தில் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி ஒத்துக்கொண்டு நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் அதை முடித்துத் தர வேண்டும். வாயால் கேட்டால் இந்த நாள் கணக்கே தொடங்காது.